நம் கடைவாசல் காலடி

நாகூர்,
12.6.1997

மரியாதைக்குரிய ஜாபிர் மாப்பிள்ளைக்கு, மாமா நெய்னா முகம்மது ஸலாம் சொல்லி எழுதிக்கொள்வது. ஆண்டவன் கிருபையில் மாமியும் ரிஃப்காவும் நானும் சுகம். தண்ணீர் மோட்டார் மட்டும் சுகமில்லை. துபாய் வெயிலில் நீங்கள் வாடாமல் இருக்க துஆ செய்கிறோம்.

மாப்பிள்ளை, விசாவைப் புதுப்பிக்க வேண்டாம், மூட்டையைக் கட்டுங்கள். சென்னையிலிருந்து பெரிய டிவி, ஃபிரிட்ஜ் கம்பெனி ஒன்று நம் பஜாரில் கடை தேடுகிறது. அவர்கள் கார் வந்து நின்ற மறுநாளே தெரு முழுக்க வாடகை ஏறிவிட்டது. நாலு தகரம் அடித்த பெட்டிக்கடைக்காரர்கூடத் தன் இடத்தைக் 'கார்னர் சைட்' என்கிறார். அந்த வாடகை நம் கடைக்கு வந்தால், நீங்கள் காலையில் முதலாளி முகத்தில் முழிக்காமல் ரிஃப்கா முகத்தில் முழிக்கலாம். வாசல் லட்சணமாக இருக்கட்டும் என்று, நம் கடையில் டீ போட்டுக்கொண்டிருந்த ஹாஜா மைதீனைக் காலி செய்யச் சொல்லி வெள்ளையடித்தேன். அவர் பக்கத்துக் கட்டடத்துத் தங்கையனிடம் போய் பாய்லரை வைத்தார். தர்காவுக்கு வந்து இறங்குகிற கூட்டமெல்லாம் இப்போது அங்கேதான் நிற்கிறது. பீடித்துண்டும் எச்சில் கிளாஸும் இனித் தங்கையன் பாடு. நம் வாசலில் ஈ காக்கை கிடையாது.

அப்புறம் கம்பெனியிலிருந்து டை கட்டிய தம்பி ஒருவர் வந்து, எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து என்னத்தையோ குறித்துக்கொண்டே இருந்தார். கடைசியில், நமக்குப் புரியட்டும் என்று இங்கிலீஷை விட்டுத் தமிழிலேயே சொன்னார்.

"உங்க வாசல்ல காலடி கம்மியா இருக்கு சார். பக்கத்துல அதிகமா இருக்கு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது, மாப்பிள்ளை. தங்கையன் சுவர் வைத்தபோது நம் மனையில் கால் அடியை அமுக்கிக்கொண்டார் என்று இத்தனை வருஷமாகச் சொல்கிறேன். சர்வேயர் முதல் வக்கீல் வரை ஒருவரும் ஒப்புக்கொண்டதில்லை. இந்தப் பிள்ளை டேப்பைக்கூட எடுக்காமல் கண்ணாலேயே கண்டுபிடித்துவிட்டார். படிப்பு என்றால் அதுவல்லவா படிப்பு. உடனே கிரயப் பத்திரத்தை எடுத்துவந்து விரித்தேன்.

"காலடி தினம் மாறும் சார்," என்றார்.

"சரியாச் சொன்னீங்க தம்பி. ராத்திரியோட ராத்திரியா நகத்துற ஆளுதான் அவரு," என்றேன்.

அவர் என்னை உற்றுப் பார்த்துவிட்டுக் கைகுலுக்கிப் போனார். அன்றிலிருந்து பஜாரில் நெஞ்சை நிமிர்த்தி நடக்கிறேன். நியாயம் தெரிந்த கம்பெனி, நம்மிடம்தான் வரும். அங்கே கணக்கை முடித்துக்கொண்டு புறப்படவும். ஆண்டவன் உங்களுக்கு நீண்ட ஆயுளும் குறையாத பரக்கத்தும் தருவானாக. மாமி ஸலாம் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
தலை நிமிர்ந்த மாமா,
நெய்னா முகம்மது

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது சேதி வந்தது. கம்பெனி தங்கையன் இடத்தைப் பேசி முடித்துவிட்டது. காலடி என்றால் வாசலில் நடக்கிற ஆட்களின் எண்ணிக்கையாம். அதை நானே வெள்ளையடித்துப் பக்கத்துக்கு அனுப்பி வைத்திருக்கிறேன். அதனால் விசாவைப் புதுப்பிக்கச் சொல்லி இந்த இடத்தில் ஒரு வரி எழுதியிருந்தேன். ரிஃப்கா பேனாவைப் பிடுங்கி, ஒரு எழுத்துகூடத் தெரியாதபடி அதை அடித்துவிட்டாள். "வாடகைக்காகவா வாப்பா நான் அவங்களைக் கட்டிக்கிட்டேன்? வரச் சொல்லுங்க," என்றாள். இத்தனை தீர்மானமாக நான் ஒரு நாளும் வாடகை பேசியதில்லை. புறப்பட்டு வாருங்கள்.