வெள்ளவத்தை நண்டு

திங்கட்கிழமைக் கூட்டம் சூடாக நடந்துகொண்டிருந்தபோது முனாப் காக்கா ஹோர்ன் அடித்தார். மீன்பெட்டி கட்டிய அவருடைய மோட்டார் சைக்கிள் கல்லடிக்குள் நுழைந்தால் மூன்று தெருவுக்குக் கேட்கும். பிரதீஸின் மைக்குக்கும் கேட்டது.

“நண்டு, களப்பு நண்டு. உசிரோட இரிக்கி.”

திரையில் பதினொரு முகங்கள் நிமிர்ந்தன.

பிரதீஸ் கொழும்பிலுள்ள பெரிய கணக்காய்வு நிறுவனமொன்றில் சிரேஷ்ட முகாமையாளர். கழுத்துப்பட்டி வரைக்கும் முகாமையாளர். அதற்குக் கீழே சாரன். மேசைக்கடியில் நாலு வயது மகள் அவன் கால் பெருவிரலை இழுத்து விளையாடிக்கொண்டிருந்தாள். வீட்டிலிருந்து வேலை செய்வதை நிறுவனம் தடுக்கவில்லை. ஆனால் வீடு கொழும்பில் இருந்தால்தான் முழுச் சம்பளம். வெளி மாவட்டமென்றால் முப்பது வீதம் கழியும். பிரதீஸ் கொடுத்திருந்த விலாசம் கொழும்பு வெள்ளவத்தை. இருப்பதோ, இரண்டு வருடமாக, கிழக்குக் கரையில் கடலோர ஏரியான களப்பை ஒட்டிய, மனைவி நிருஷாவின் கல்லடி வீட்டில்.

“ஐசே பிரதீஸ், அது என்ன சத்தம்?” என்றார் நிறுவனத்தின் பெரியவர் அருமைநாயகம்.

“மீன்காரன் சேர். வெள்ளவத்தையில இப்ப வாசலுக்கே வாறாங்க.”

“களப்பு எண்டான்? வெள்ளவத்தையில கடல்தானே?”

“நீர்கொழும்புக் களப்பு சேர். நல்ல மலிவு.”

அந்த ‘மலிவை’ விழுங்கியிருக்கலாம்.

“அப்ப எனக்கு ரெண்டு கிலோ வாங்கி வையும். நாளைக்குப் பியோனை அனுப்புறன்.”

ரெஜிபோம் நுரைப்பெட்டிக்குள் ஐஸ் போட்டு, இரண்டு கிலோ நண்டு கொழும்பு பஸ் ஏறியது. வெள்ளவத்தையில் பழைய அறைத்தோழன் நிலோஜன் அதை இறக்கி, பியோனிடம் ஒப்படைத்தான். குறை சொல்வதற்கு மட்டுமே தொலைபேசி எடுக்கும் பெரியவர், அன்றைக்கு நண்டைப் புகழ எடுத்தார்.

அடுத்த கிழமை ஐந்து கிலோ. அதற்கடுத்த கிழமை பன்னிரண்டு. எவருக்கு எத்தனை, ஆண் நண்டா பெண் நண்டா என்று அட்டவணையே வந்தது. அந்த நிறுவனத்திலிருந்து அவ்வளவு பிழையில்லாத அறிக்கை அதற்குமுன் வெளிவந்ததில்லை.

நிலோஜன் தொலைபேசி எடுத்தான். “மச்சான், ஒண்டு கட்டிலுக்குக் கீழ போயிட்டு. நான் மேசையில ஏறி நிண்டுதான் கதைக்கிறன்.”

நிருஷா சொன்னாள்: “இஞ்ச பாருங்க, பேசாம உண்மையச் சொல்லுங்களன்.”

“சொன்னா முப்பது வீதம் போயிடும். அப்பிடி ஒரு நிலம வந்தா, நான் திரும்பக் கொழும்பில அறை எடுத்திடுவன். மாசத்துக்கு ஒருக்கா வந்து உங்களைப் பாக்கலாம்.”

நிருஷா கறியைக் கிளறினாள். சம்பளம் நேராக அவளுடைய கணக்குக்குத்தான் போகும். ஊரார் கணக்கில் பத்து ரூபாய் பிசகினால் மூன்று நாள் தூங்காத பிரதீஸ், வீட்டுக் கணக்கை எட்டிப் பார்த்ததே இல்லை.

ஒரு வியாழக்கிழமை பெரியவர் சொன்னார்: “சனிக்கிழமை நானே வாறன், ஐசே. அந்த மீன்காரனை நேர்ல பாக்கவேணும்.”

முனாப் காக்கா முழுக்கதையையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்.

“தம்பி, நம்மட மோட்டச்சைக்கிளையும் ஏத்தணுமா?”

“ஓம் காக்கா. அவருக்கு அந்த ஹோர்ன் பழக்கம்.”

லொறியில் மோட்டார் சைக்கிள், அதன் பக்கத்தில் நண்டு, முன்னால் காக்காவும் சிரேஷ்ட முகாமையாளரும். ‘நீர்கொழும்பு’ என்று சொல்லப் பழக்கியே ஏழு மணித்தியாலம் போனது.

சனிக்கிழமை வெள்ளவத்தை ஒழுங்கையில் காக்கா ஹோர்ன் அடித்தார். மாடிகளிலிருந்து ஆட்கள் இறங்கி வந்து அரைவாசி நண்டை வாங்கிப் போய்விட்டார்கள். மிச்சம் இருக்கும்போது பெரியவரின் கார் வந்தது. கூடவே, சம்பளப் பிரிவு அஜந்தா.

பிரதீஸ் காக்காவுக்குப் பின்னால் நகர்ந்து நின்றான்.

பெரியவர் ஒரு நண்டைத் தூக்கிப் பார்த்தார். “எங்க பிடிச்சது?”

“நீர்கொழும்பு சேர்,” என்றார் காக்கா, பாடம் பிசகாமல். பிறகு தொழில் பெருமை தாங்காமல், “நேத்து விடிய, நம்மட கல்லடிப் பாலத்துக்குக் கீழ.”

பெரியவர் தலையாட்டிவிட்டு இன்னொரு நண்டைத் தேடினார். ‘கல்லடி’ அஜந்தாவின் காதிலும் விழுந்திருக்கும். பிரதீஸ் அவளை ஓரமாக அழைத்தான்.

“மிஸ், ஒண்டு சொல்லவேணும். நான் இஞ்ச இல்ல. ரெண்டு வருசமா கல்லடியில.”

அஜந்தா அவனை விசித்திரமாகப் பார்த்தாள்.

“எங்களுக்குத் தெரியும்தானே பிரதீஸ், முப்பது வீதத்தைக் கழியுங்க, ஆளை மட்டும் கொழும்புக்குக் கூப்பிடாதீங்க எண்டு உங்கட மிஸிஸ் போன வருசமே கடிதம் போட்டவ, அண்டையில இருந்து கழிச்சுத்தான் போடுறம், பெரிய சேரும் உங்களிட்ட எப்பிடி நண்டு கேக்கிறதெண்டு அண்டையில இருந்துதான் யோசிச்சவர்.”