மாடு நக்கிப் பார்த்த வண்டி

பெரிய பொய் சொல்ல எனக்குத் துணிச்சல் கிடையாது. சின்னப் பொய்யென்றால் சுத்தமாகச் சொல்லிவிடுவேன் என்று முப்பத்திரண்டு வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கையைக் கெடுத்தது கணியம்பாடிப் பக்கத்து மாடு ஒன்று.

தொண்ணூறுகளின் கடைசி. ஆம்பூரில் என்னிடம் ஒரு பழைய பிக்கப் வண்டி இருந்தது. உப்புப் போட்ட ஆட்டுத்தோலை மண்டியில் ஏற்றித் தோல் தொழிற்சாலையில் இறக்குவது என் பிழைப்பு. வண்டி வாரத்தில் நான்கு நாள் ஓடும். மற்ற நாள் நான் தள்ளுவேன். (அதில் எனக்குத் தோள் அகன்றதுதான் மிச்சம்.) வழியில் நின்றால் சரக்கு வெயிலில் கெட்டுவிடும். தொழிற்சாலை மேனேஜர் ஒருநாள் சாந்தமாகவே சொன்னார்: "இன்னொரு வாட்டி நின்னுச்சுன்னா வேற வண்டி பாத்துக்குவோம்."

வாணியம்பாடி மெக்கானிக் காதர் பாயிடம் போனேன். ரிப்பேர் செய்வதா, விற்றுவிட்டு வேறு வாங்குவதா? அவர் வண்டிக்கு அடியில் படுத்து ஸ்பேனரால் இரண்டு தட்டுத் தட்டினார். துரு அவர் தாடியில் கொட்டியது.

"இன்ஜின் பண்ணிடலாம் சார். அடியெல்லாம் உப்பு தின்னுடுச்சு. அடிச் சட்டத்தையே மாத்தணும், ஒரு மாசம் ஆவும். விக்கிறதுன்னா உப்பு ஏத்துன வண்டின்னு சொல்லிட்டே வித்துடுங்க. கம்மியா போனாலும் பேஜார் இல்ல."

என் மனைவி மெர்சி பள்ளிக்கூட டீச்சர். "பாய் சொல்ற மாதிரி உண்மைய சொல்லிடுங்க" என்றாள். இரண்டு பேர் ஒரே யோசனையைச் சொன்னால் அதில் புத்திசாலித்தனம் இருக்காது என்பது அந்த நாளில் என் சித்தாந்தம். சோப்புத்தூள் போட்டு வண்டியை மூன்று முறை கழுவினேன். அடியில் கறுப்பு பெயின்ட் அடித்தேன். பின்னால் சரக்கு ஏற்றும் பலகை மேல் ஊதுபத்திகூடக் கொளுத்தி வைத்தேன்.

கணியம்பாடிப் பக்கத்து விவசாயி முனிசாமி, வேலூர் மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்ற வண்டி தேடிக்கொண்டிருந்தார். மெர்சியையும் அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்கு ஓட்டிப் போனேன். ஆச்சரியம், வழியில் ஓரிடத்திலும் நிற்கவில்லை.

"இதுல இன்னா சார் ஏத்துனீங்க?" என்றார் முனிசாமி.

"ஷூ வைக்கிற அட்டைப்பெட்டிங்க. வெயிட்டே கெடையாது."

மெர்சி அங்கிருந்த முருங்கை மரத்தைக் கவனமாகப் பார்க்கத் தொடங்கினாள்.

அப்போது முனிசாமியின் மனைவி மேய்ச்சலிலிருந்து மாட்டை ஓட்டி வந்தார். மாடு கொட்டகைக்குப் போகவில்லை. நேராக வண்டியிடம் வந்து, திறந்திருந்த பின்பக்கம் கழுத்தை நீட்டி, பலகையை நக்க ஆரம்பித்தது. கண்ணை மூடிக்கொண்டு நக்கியது.

"பெயின்ட் வாசனை புடிச்சிருக்கும்" என்றேன்.

முனிசாமி விரலால் பலகையைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு குனிந்து, வண்டியின் அடியில் அரிவாள் பிடியால் தட்டினார். கறுப்பு பெயின்டும் துருவும் சேர்ந்து விழுந்தன.

"அட்டைப்பெட்டிக்கு எதுக்கு சார் உப்பு போட்டாங்க?"

அவர் திட்டியிருந்தால் தேவலை. என் ஜென்மத்தில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. "வெயில்ல வந்திருக்கீங்க, மோர் குடிச்சிட்டுப் போங்க" என்று அவர் மனைவி சொம்பைக் கொடுத்தார். அதிலும் உப்பு இருந்தது.

கிளம்பும்போது வண்டி தன் வழக்கத்துக்குத் திரும்பியது. முனிசாமியும் மெர்சியும் தள்ளினார்கள். இரண்டாவது கியரைத் தாண்டாத வண்டியை மாடு மெயின் ரோடு வரை விடாமல் தொடர்ந்தது. அதன் பின்னால் கயிற்றோடு முனிசாமியின் மனைவி ஓடி வந்தார்.

மறுநாளே வண்டியைக் காதர் பாயிடம் விட்டேன். அந்த ஒரு மாதமும் வாடகை வண்டியில் சரக்கு ஏற்றித் தொழிற்சாலை வேலையைக் காப்பாற்றிக்கொண்டேன். புதுச் சட்டத்தோடு அது மேலும் ஆறு வருடம் ஓடியது. விற்றபோது, வாங்க வந்தவர் வாயைத் திறப்பதற்கு முன்பே உப்பு விஷயத்தைச் சொல்லிவிட்டேன்.

வீட்டில் அது போதவில்லை. நான் எதையாவது கொஞ்சம் கூட்டிச் சொன்னால் மெர்சி, "மாட்ட அவுத்து உடட்டுமா?" என்பாள். போன வருடம் எங்கள் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். "எங்க பையனுக்குக் கோவமே வராது" என்றார் பையனின் அப்பா. உள்ளேயிருந்து மகளின் குரல் கேட்டது:

"அம்மா, மாட்ட அவுத்து உடுங்க."

எந்த மாடு என்று பையன் கேட்டான். மெர்சி ஒன்று விடாமல் சொன்னாள். பையனைப் பற்றி நாங்கள் விசாரித்திருக்க வேண்டிய நேரம் முழுக்க என் வண்டியைப் பற்றிச் சிரிப்பதிலேயே போயிற்று. கல்யாணமும் நல்லபடியாக முடிந்தது. இப்போதெல்லாம் மாப்பிள்ளை என்னிடம் எதையாவது கேட்டால், நான் பதில் சொல்லி முடித்ததும் ஒருமுறை வாசல் பக்கம் திரும்பிப் பார்க்கிறார்.