கல்லறைத் தோட்டத்தின் தன்னார்வத் தாவரங்கள்

வில்மோரன் நகரசபை, தன் எல்லைக்குள் முளைக்கும் எந்தப் புல்லையும் இனி விஷம் வைத்துக் கொல்வதில்லை என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. ஆற்றங்கரைப் பூங்கா, சாலையோரம், பள்ளிக்கூட மைதானம், கல்லறைத் தோட்டம் எல்லாம் அதில் அடக்கம். களைக்கொல்லி ஆற்றுக்கும் கேடு, தேனீக்கும் கேடு, மனிதனுக்கும் கேடு என்று துணை மேயர் மதாம் வெர்னேய் கண் கலங்கப் பேசினார். அவர் பேசியதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. விஷம் வேண்டாமென்றால் களையை வேறு எப்படி எடுப்பது என்று கடைசி வரிசையிலிருந்து யாரோ கேட்கப் பார்த்தார்கள். அதற்குள் ஒயின் கோப்பைகள் வந்துவிட்டன.

கொள்கையை அமல்படுத்தும் பொறுப்பு பசுமைத்துறைத் தலைவர் ஒனோரே லசால்வியின் தலையில் விழுந்தது. ஒனோரே நல்ல மனிதர். மேலிடத்திலிருந்து வரும் எந்த உத்தரவையும் இரண்டு முறை படிப்பார். ஒரு முறைகூட யோசிக்க மாட்டார். அந்தக் குணத்தால்தான் அவர் தலைவரானார் என்பது ஊரறிந்த விஷயம்.

முதல் நடவடிக்கையாக 'களை' என்ற சொல் ஒழிக்கப்பட்டது. களை என்பது ஒரு செடியை மனிதன் திட்டுகிற வார்த்தை என்று மதாம் வெர்னேய் விளக்கினார். யாரும் கூப்பிடாமல், சம்பளம் கேட்காமல், தானாக வந்து நிற்கும் செடியை அப்படித் திட்டுவது நாகரிகமா? ஆகவே இனி அதன் பெயர் 'தன்னார்வத் தாவரம்'. வசந்தம் முடிவதற்குள் ஊரெங்கும் பச்சைப் பலகைகள் முளைத்தன. 'இங்கே தன்னார்வத் தாவரங்கள் பணியில் உள்ளன' என்று அவற்றில் எழுதியிருந்தது. பஸ் நிறுத்தத்து நாற்காலியைத் தாவரங்கள் முழுசாக மூடிவிட்டதால், அங்கே பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் பலகையின் மேல் சாய்ந்து நின்றார்கள்.

கையால் பிடுங்கலாமே என்று கேட்கத் தோன்றும். ஒனோரேவுக்கும் தோன்றியது. ஆனால் பிடுங்கப்படும் செடி அரிய இனமாக இருந்துவிட்டால் என்ன செய்வது? முதலில் தாவரவியல் நிபுணர் வந்து கணக்கெடுக்க வேண்டும். நிபுணர் அக்டோபரில் வந்தார். கல்லறைத் தோட்டத்தின் சரளைக்கல் பாதையில் நெடுநேரம் குனிந்து பார்த்தார். பூக்காத செடியை வைத்து இனம் சொல்ல முடியாது, மே மாதம் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். எனவே மே மாதம் வரை எந்தச் செடியையும் தொடக்கூடாது என்று உத்தரவு போட வேண்டியதாயிற்று. போட்டவர் ஒனோரேதான். தவிர்க்க முடியாத நிலையில் களைக்கொல்லி தெளிக்க அனுமதி தரும் குழு ஒன்றும் இருந்தது. ஆனால் தவிர்க்க முடியாதது என்றால் என்ன என்பதை அது இன்னும் பேசி முடிக்கவில்லை.

உத்தரவு போட்ட அன்று மாலை ஒனோரே வீட்டுக்குப் போனபோது, மனைவி மரிவோன் மண் ஒட்டிய கையோடு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"அந்தக் கொடி மறுபடியும் ஏறிடுச்சு," என்றாள்.

மரிவோனின் தாயார் பிப்ரவரியில் காலமானார். பிறந்த வீட்டு வாசலில் அம்மா வளர்த்த ரோஜாவிலிருந்து ஒரு கிளையை வெட்டி, கல்லறையின் தலைமாட்டில் மரிவோன் நட்டிருந்தாள். லியோனில் இருக்கும் அவள் அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. ரோஜா எல்லாம் யார் பார்த்துக்கொள்வது, நல்ல சிமெண்டுப் பலகையாகப் போட்டுவிடலாம் என்றான். சண்டை முற்றி, கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். நவம்பர் தொடக்கத்தில் கல்லறைத் திருநாளுக்கு அண்ணன் வரும்போது ரோஜா உயிரோடு இருந்தால் ரோஜா. செத்திருந்தால் சிமெண்டு. இதற்கிடையில், வெள்ளைப் பூ பூக்கும் ஒரு சுற்றுக்கொடி பாதையிலிருந்து கிளம்பி ரோஜாவின் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது.

"வெட்டிவிட வேண்டியதுதானே?" என்றார் ஒனோரே.

"எங்க பக்கம் ஏறுனதை எல்லாம் வெட்டிட்டேன். ஒரு வாரத்துல திரும்ப வந்துடுது. வேர் பாதையில இருக்கு. அதைப் பிடுங்கணும்."

"பாதையிலயா?" ஒனோரே முகம் மாறியது. "பாதை நகரசபையோடது மரிவோன். கொடி உன்னுது. வேர் பொதுச்சொத்து."

"பொதுச்சொத்து வந்து எங்கம்மா ரோஜாவைக் கொல்லுதே, அதுக்கு யார் பொறுப்பு?"

"பசுமைத்துறை."

"அது யாரு?"

"நான்தான்," என்று ஒனோரே ஒப்புக்கொண்டார். "எழுதிக் குடு. மே மாசம் பார்க்கலாம்."

அன்று இரவு அவருக்கு சூப் மட்டும்தான் கிடைத்தது. அதுவும் ஆறியிருந்தது.

ஊரில் மற்றவர்களுக்கும் பொறுமை போய்க்கொண்டிருந்தது. கல்லறைத் திருநாளுக்கு வெளியூர் உறவெல்லாம் வரும். முட்செடி இடுப்பளவு நிற்கும் கல்லறையைக் காட்டினால், செத்தவருக்கு அவமானமோ இல்லையோ, இருப்பவருக்கு மானம் போகும். நகரசபைக்கு முன்னால் கூட்டம் கூடியது. விஷத்துக்கு எதிராகப் போன வருடம் ஊர்வலம் நடத்திய 'நாளைய பூமி' சங்கத் தலைவர் முசியே கஸ்பார்தான் இந்தக் கூட்டத்துக்கும் தலைமை தாங்கினார்.

"விஷம் கூடவே கூடாது!" என்று முழங்கினார். "ஆனா எங்கப்பா கல்லறையைக் கண்டுபிடிக்க எனக்கு அரைமணி நேரம் ஆகுது! நகரசபை என்ன செய்யுது?"

நகரசபை ஆடுகளை வரவழைத்தது. பாரிசில் எல்லாரும் இப்போது ஆடுதான் விடுகிறார்கள் என்று மதாம் வெர்னேய் எங்கேயோ பார்த்திருந்தார். வரவேற்புக்கு பாண்டு வாத்தியம் ஏற்பாடாயிற்று. குள்ளமான கறுப்பு ஆடுகள் கல்லறைத் தோட்ட வாசலில் இறங்கின. மதாம் வெர்னேய் ரிப்பன் வெட்டினார். வெட்டின ரிப்பனை ஓர் ஆடு தின்றது. எல்லாரும் சிரித்துக் கைதட்டினார்கள்.

திருநாளுக்கு முன்கூட்டியே சிலர் சாமந்தித் தொட்டிகளைக் கொண்டுவந்து கல்லறைகள்மேல் வைத்திருந்தார்கள். ஆடுகள் முட்செடியை ஒரு முறை முகர்ந்து பார்த்துவிட்டு நேராகச் சாமந்திக்குப் போயின. மஞ்சளை முடித்துவிட்டு வெள்ளைக்குப் போயின. பிறகு இனிப்பு சாப்பிடுகிற மாதிரி மரிவோனின் ரோஜாவில் ஒரு பக்கத்துத் துளிரை நறுக்கின. மரிவோன் குடையை ஓங்கிக்கொண்டு ஓடிவந்து விரட்டாவிட்டால் மறுபக்கமும் போயிருக்கும்.

"மதாம், ஆடு பூவைத் தின்னுது," என்றார் ஒனோரே மெதுவாக.

"ஆட்டைக் குறை சொல்லாதீங்க முசியே ஒனோரே. எதைத் தின்னணும்னு அதுக்கு யாரும் சொல்லலை. பூவைச் சுத்தி கூண்டு வைக்கச் சொல்லி மக்களுக்கு அறிவிப்பு குடுங்க."

"ஆட்டுக்கா கூண்டு?"

"பூவுக்கு."

அறிவிப்பு போயிற்று. ஊரில் இருந்த கோழிக் கூண்டெல்லாம் விற்றுத் தீர்ந்தன. அன்று மாலை கல்லறைத் தோட்டத்தில் சாமந்திகள் சிறைக்குள் இருந்தன, ஆடுகள் வெளியே கத்திக்கொண்டிருந்தன, முட்செடிகள் நிம்மதியாக வளர்ந்தன. மறுநாளே ஆடுகள் வயிற்றுவலி என்று திருப்பி அனுப்பப்பட்டன.

அந்த வாரக் கடைசியில் ஒரு கடிதம் வந்தது. 'விஷமில்லா நகரம்' விருதுக்காக நடுவர் குழு, கல்லறைத் திருநாளன்று வில்மோரன் கல்லறைத் தோட்டத்தைப் பார்வையிடும் என்று அதில் இருந்தது. மதாம் வெர்னேய் ஒனோரேவைக் கூப்பிட்டார்.

"தோட்டம் சுத்தமா இருக்கணும். விஷமும் இருக்கக்கூடாது. செடியையும் தொடக்கூடாது. எப்படின்னு என்கிட்ட கேட்காதீங்க. நான் கொள்கை வகுக்கிறவ."

ஒனோரே வீட்டுக்கு வந்து கராஜில் நின்று யோசித்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக யோசித்ததாலோ என்னவோ, காலமான தகப்பனார் விட்டுப்போன பழைய களைக்கொல்லி டப்பா உடனே கண்ணில் பட்டது. விருதெல்லாம் அவருக்குப் பெரிதாகப் படவில்லை. அந்தக் கொடி ஒன்று செத்தால் ரோஜா பிழைக்கும், ரோஜா பிழைத்தால் மரிவோன் மறுபடி முகம் கொடுத்துப் பேசுவாள். அவ்வளவுதான் அவர் கணக்கு. டப்பாவில் இருந்ததை மரிவோனின் சிவப்புப் பூவாளியில் ஊற்றிக் கலக்கினார். மறுநாள் காலை, மழை தூறிக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்து, ஒரு ஈ காக்கை இருக்காது என்ற நம்பிக்கையில் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்.

தோட்டத்தில் ஊரே இருந்தது.

ஆளுக்கொரு பூவாளியோடு, கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, தூறும் மழையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். முசியே கஸ்பார் தன் அப்பாவின் கல்லறை ஓரம் பக்தியோடு குனிந்திருந்தார். அவரைக் கண்டதும் ஒனோரே பூவாளியைப் பின்னால் மறைத்தார். கஸ்பாரும் தன்னுடையதைப் பின்னால் மறைத்தார்.

"மழையில தண்ணி ஊத்துறீங்களே முசியே கஸ்பார்?"

"சாமந்திக்கு மழைத்தண்ணி ஒத்துக்காது," என்றார் கஸ்பார். "நீங்க?"

"எங்க ரோஜாவுக்கும் ஒத்துக்கலை."

"இருக்கும், இருக்கும். ஒவ்வொரு செடி உடம்பு ஒவ்வொரு மாதிரி."

அப்போது பங்குச் சாமியார் வாளியும் கையுமாக வந்தார். கோயில் பராமரிக்கும் கல்லறைகளை மந்திரிப்பதாகச் சொன்னார். தீர்த்தம் நுரைத்துக்கொண்டிருந்தது.

"சாமி, தீர்த்தத்துல வினிகர் வாடை அடிக்குதே?" என்றார் கஸ்பார்.

"விசுவாசம் குறைஞ்சா மூக்கு அப்படித்தான் சொல்லும்," என்றார் சாமியார். "உங்க பூவாளி புகையுதே, அதை முதல்ல பாருங்க."

வெர்னேய் குடும்பத்துக் கல்லறைக்குப் பின்னாலிருந்து ஒரு விலையுயர்ந்த குடை எழுந்தது. குடைக்கடியில் மதாம் வெர்னேய், கையுறை போட்ட கையில் ஒரு பீங்கான் குவளையோடு.

"மக்கள் இவ்வளவு பாசமா இருக்கறதைப் பார்க்கப் பெருமையா இருக்கு," என்றார். "நீங்க யாரும் என்னைப் பார்க்கலை. நானும் யாரையும் பார்க்கலை. நல்லா ஊத்துங்க."

எல்லாரும் நல்லாவே ஊற்றினார்கள். ஒனோரே கொடியின் வேரில் மட்டும், ஒரு துளி ரோஜாப் பக்கம் போகாதபடி மிகக் கவனமாக ஊற்றினார். அதற்குள் மழை வலுத்தது. கல்லறைத் தோட்டம் சரிவில் இருந்தது. மேலேயிருந்து எல்லாருடைய பாசமும் சரளைக்கல் பாதை வழியாக ஓடிவந்து, கீழ்ச்சுவர் ஓரம் இருந்த அவர் மாமியார் கல்லறையில் குளமாகத் தேங்கியது. அப்போது அதை யாரும் கவனிக்கவில்லை. ஒனோரே திருப்தியோடு வீடு திரும்பினார்.

"எங்க போயிருந்தே, தொப்பலா நனைஞ்சு வந்திருக்கே?" என்றாள் மரிவோன்.

"ரோஜாவுக்குத் தண்ணி ஊத்திட்டு வந்தேன்."

"மழையிலயா?"

"மழை மேலாக்கத்தான் நனைக்கும். வேருக்குப் போகாது. மழையிலயும் ஊத்தணும். ஊர்ல எல்லாரும் அப்படித்தான் ஊத்துறாங்க."

மரிவோன் துண்டை எடுத்துவந்து அவர் தலையைத் துவட்டினாள். "எங்கம்மாவை உனக்குப் பிடிக்காதுன்னு இத்தனை நாள் நினைச்சேன்," என்றாள். ஒனோரேவுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் அன்றைய சூப் சூடாக இருந்ததால் சாப்பிட்டுவிட்டார்.

கல்லறைத் திருநாளன்று பாதைகள் சவரம் செய்த கன்னம் மாதிரி இருந்தன. ஒரு புல் இல்லை. நடுவர் குழுத் தலைவி மலைத்துப் போனார்.

"ஒரு துளி விஷம் இல்லாம இவ்வளவு சுத்தமா? இதோட ரகசியம் என்ன மதாம்?"

"மக்கள் பங்களிப்பு," என்றார் மதாம் வெர்னேய். அவர் பேசியதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.

கைதட்டினார்கள். புகைப்படம் எடுத்தார்கள். கேடயத்தை ஒனோரேவின் கையில் கொடுத்தார்கள். கீழ்ச்சுவர் ஓரம் மரிவோனும் அவள் அண்ணனும் நின்றுகொண்டிருந்தார்கள். ரோஜா வேரிலிருந்து நுனிவரை கருகியிருந்தது. அண்ணன் சிமெண்டுப் பலகைக்கு எவ்வளவு அளவு வேண்டும் என்று காலடி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். மரிவோன் காய்ந்த கிளையைத் தொட்டாள். அது கையோடு வந்துவிட்டது.

"யாரோ விஷம் வச்சிருக்காங்க," என்றாள்.

ஊர் பொங்கி எழுந்தது. விஷம் வைத்த பாவியைக் கண்டுபிடிக்கச் சொல்லி முசியே கஸ்பார் மனு தயாரித்தார். சாமியார் கையெழுத்துப் போட்டார், மதாம் வெர்னேய் போட்டார், மழை பெய்த அந்தக் காலையில் பூவாளியோடு நின்ற அத்தனை பேரும் போட்டார்கள். விசாரணை அதிகாரியாக ஒனோரே நியமிக்கப்பட்டார். அவர் எல்லாரையும் விசாரித்தார், எல்லாரும் அவரை விசாரித்தார்கள். கடைசியில், மேற்படி ரோஜாவை யாரும் கொல்லவில்லை, அது பணியிலிருந்து தானாக விலகிக்கொண்ட தாவரம் என்று அறிக்கை கொடுத்தார். சபை ஏகமனதாக ஏற்றது. மறுவாரம் சிமெண்டுப் பலகை வந்து இறங்கியது.

மே மாதம் நிபுணர் சொன்னபடி வந்தார். கணக்கெடுக்க ஒரு செடியும் இல்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார். ஆனால் அவர் போன சில நாளில், பலகைக்கும் பாதைக்கும் நடுவிலிருந்த இடுக்கில் அந்தச் சுற்றுக்கொடி எட்டிப்பார்த்தது. வெள்ளையாக ஒரு பூவும் வைத்திருந்தது. ஒனோரே குனிந்து அதைப் பிடுங்கப் போனார்.

"தொடாதே," என்றாள் மரிவோன். "ஊர்ல வேற யாரு வந்தா? இதாவது தானா வந்து எங்கம்மா பக்கத்துல நிக்குது. இருக்கட்டும்."

வீட்டிலிருந்து எடுத்துவந்த சிவப்புப் பூவாளியைக் குழாயில் பிடித்து நிரப்பினாள். அதைக் கழுவினோமா என்று ஒனோரேவுக்கு எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை. அவள் கொடியிடம் போய்ப் பூவாளியைச் சாய்த்தாள்.

"அது வேண்டாம் மரிவோன்," என்றார் அவசரமாக.

"ஏன்?"

நல்லவேளையாக அப்போது தூறல் போட ஆரம்பித்தது. "மழை வருதே," என்றார் ஒனோரே. "மழையில யாராவது தண்ணி ஊத்துவாங்களா?"

மரிவோனின் கை நின்றது. அவள் பூவாளியைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"ஊர்ல எல்லாரும் ஊத்துறாங்கன்னு நீதானே சொன்னே," என்றாள்.