நிற்கவும் தெரிந்த கார்

அன்புள்ள மைத்துனனுக்கு,

அத்தான் எழுதுவது. இங்கே உன் அக்கா நலம், நான் நலம், கார் எங்கள் இருவரையும்விட நலம். அங்கே நீயும் தங்கையும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். "அதைப் பழைய இரும்புக் கடையில போட்டுட்டு நிம்மதியா இருங்க அத்தான்" என்று சொன்ன உன் வாயை மட்டும், இதைப் படித்து முடிக்கும் வரை மூடி வைத்திருக்க வேண்டும்.

கூரையை மடித்துப் பின்னால் போடும் அந்த இரண்டு இருக்கைக் காரில் உன் அக்கா கடைசியாக ஏறிய அன்று, பிரேக் பிடிக்காமல் எதிர்வீட்டு வேலிக்குள் போய் நின்றோம். "ஓடறது பெருசில்ல, நிக்கணும். நிக்கட்டும், ஏறுறேன்" என்று இறங்கியவள் இறங்கியவள்தான். திறந்த காரில் தனியாகப் போவது எவ்வளவு வருத்தம் தெரியுமா? மூடிய காரென்றால் யாருக்கும் தெரியாது. இதில் ஊரே பார்க்கும். அவளை மறுபடி ஏற வைக்கத்தான் காரைப் பட்டறையில் விட்டு இத்தனையும் செய்தேன்.

வெளியே அதே சிவப்பு, அதே உருண்டை விளக்கு. முன்மூடியைத் திறந்தால்தான் சங்கதி. புது இன்ஜின், ஆறு கியர், ஒரு விரலால் திருப்பும் ஸ்டீயரிங், நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். மெக்கானிக் சாவியைக் கொடுத்து, "ஐயா, மெதுவா" என்று சொல்லிப் பக்கத்தில் ஏறிக்கொண்டார். எனக்கா சொல்கிறார் என்று ஒரு மிதி மிதித்தேன். முன்பெல்லாம் பாதி மிதித்த பிறகுதான் அது யோசிக்கவே ஆரம்பிக்கும். இப்போது யோசிக்கவில்லை. என் தொப்பி பட்டறை வாசலிலேயே தங்கிவிட்டது. தெருமுனைக்கு மூன்று வீடு முன்னாலேயே, வழக்கம்போல எழுந்து நிற்காத குறையாகப் பிரேக்கை மிதித்தேன், நம்ம பழைய பிரேக்குக்கு அப்படித்தானே மிதிக்கணும், வண்டி ஆணி அடிச்ச மாதிரி அங்கேயே நின்னுடுச்சு, மெக்கானிக்கின் மூக்கு முன்கண்ணாடியில், அவர் கையிலிருந்த டப்பாவின் போல்ட்டெல்லாம் என் மடியில், பின்னால் வந்த பேப்பர்காரர் சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு என் பரம்பரையை விசாரிக்கிறார். மறுபடி கிளப்பினேன், நின்றது. கிளப்பினேன், நின்றது. தவளை மாதிரியே வீடு வந்து சேர்ந்தோம். "எல்லாத்தையும் மாத்திட்டேன் ஐயா. உங்க கால் ஒண்ணுதான் பழசு. அதுக்கு ஸ்பேர் கிடைக்காது" என்றார் மெக்கானிக், மூக்கைப் பிடித்துக்கொண்டே.

வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்த உன் அக்கா, "நிக்குதே" என்றாள். அவ்வளவுதான். தலையில் துணியைக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். மலைச்சாலை உச்சி வரை போய் வந்தோம். ஒரு குலுக்கல் இல்லை, வளைவுக்கு வளைவு அப்படி ஒரு பிடி. சிக்னலில் பக்கத்து லாரிக்காரர் இறங்கி வந்து தடவிப் பார்த்தார். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. காற்று என்று சொல்லிச் சமாளித்தேன். நம் இரு குடும்பத்திலும் யாருக்கு இப்படி ஒரு கார் வாய்த்திருக்கிறது, நீயே சொல்.

தங்கைக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும். நீ இனி வாயைத் திறக்கலாம்.

தலைநிமிர்ந்து நிற்கும்
உன் அத்தான்

பி.கு.: உன் அக்கா இதைப் படித்துவிட்டாள். "வந்து உட்கார்ந்தாள்னு எழுதியிருக்கீங்க, எந்தப் பக்கம்னு எழுதலையே" என்கிறாள். ஸ்டீயரிங் பக்கம். ஆபீஸ் கார் ஓட்டிப் பழகிய அவள் கால் பிரேக்கைத் தொட்டாலே போதுமாம். மலைச்சாலையும் வளைவும் அவள் ஓட்டியவை. சாவியும் அவளிடம்தான். வரும் ஞாயிறு உன் வீட்டுக்கு இதில்தான் வருகிறோம். ஓட்டுவது யார் என்பதை எல்லோரும் பார்ப்பார்கள். கார் யாருடையது என்று யாராவது கேட்டால் மட்டும், தயவுசெய்து என்னைக் கைகாட்டு.