ஆஸ்திரேலியாவுக்கு அடி அண்ணாமலையில் ஓட்டு எண்ணிக்கை

ஆஸ்திரேலியாவில் அடுத்து யார் ஆட்சி என்று தெரிந்துகொள்ள ஆஸ்திரேலியாவுக்கு ஏன் போகிறீர்கள்? அடி அண்ணாமலைக்குப் போங்கள். கிரிவலப் பாதையில் ஒரு தகரக் கொட்டகை. வாசலில் இருபதடி பேனர். அதில் ஆஸ்திரேலியா தலைகீழாக இருக்கும். அச்சடித்தவன் தவறு இல்லை. பூமிக்கு அடியில் இருக்கிற நாடு என்பதால் அதன் ஜாதகத்தைத் தலைகீழாகத்தான் பார்க்க வேண்டுமாம். தலைகீழாகப் பார்க்கக் கட்டணம் இரட்டிப்பு. பேனரின் ஒரு மூலையில் நெற்றி நிறைய விபூதி பூசிய கங்காரு. நடுவில் கண்ணாயிரம் சுவாமிகள்.

சுவாமிகள் முன்பு செங்கம் ரோட்டில் வெள்ளைக்காரர்களுக்கு ஸ்கூட்டி வாடகைக்கு விட்டவர். ஆஸ்திரேலியாக்காரர் ஒருவர் டீ குடித்துக்கொண்டே தன் நாட்டு அரசியலைத் திட்டித் தீர்த்தாராம். இவருக்கு ஒன்று மட்டும் புரிந்தது. அங்கே தலைவரைக் கவிழ்க்க எதிர்க்கட்சி தேவையில்லை. சொந்தக் கட்சிக்காரர்களே கூட்டம் போட்டுக் கவிழ்த்துவிடுவார்கள். உடனே அருள்வாக்கு வந்தது: "தலைவர் நாற்காலி ஆடுது!" ஆடத்தான் செய்தது. ஐப்பசியில் மழை வரும் என்று சொல்ல ஞானம் எதற்கு?

தேர்தல் எப்போதும் சனிக்கிழமையில் நடப்பதும் அவருக்கு வசதியாகப் போயிற்று. "சனி பகவான் கையிலதான் அந்த நாடே இருக்குது" என்றார். மெல்போர்ன், சிட்னி, பெர்த் என்று பிள்ளைகளை அனுப்பிவிட்டுத் தூக்கம் கெட்ட பெற்றோர்கள் வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள். அவர்களில் ஒருத்தி என் அம்மா சந்திரம்மாள்.

நான் மெல்போர்னில் படிக்கிறேன். தேர்தலுக்கு ஒரு வாரம் முன்பு அம்மா போன் செய்தாள்.

"டேய் ஆதவா, ஞாயித்துக்கெழமைக்கு டிக்கெட் போட்டு வை. சனிக்கெழம சாமி முடிவு சொல்றாரு. நீலக் கட்சி வந்துச்சுன்னா நம்ம புள்ளைங்கள மொத்தமா தொரத்திடுவானாம். அதுக்குள்ள வந்துடு."

"அம்மா, படிப்பு இன்னும் ஆறு மாசம் இருக்குது. விசா நீட்டிக்கக் குடுத்திருக்கேன். இப்ப கெளம்பினா திரும்ப வர முடியாது. எல்லாம் போச்சு."

"சாமிக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமா? போன தபா மாநிலத் தேர்தல்ல வெங்காயம் தீந்து போச்சுன்னு இங்க உக்காந்துக்கினே சொன்னாரு."

"வெங்காயமா?"

"ஆமாம்டா. ஓட்டுப் போடற எடத்துல கறி சுட்டு ரொட்டில வெச்சு விப்பாங்களாமே. மத்தியானமே வெங்காயம் தீந்து ரெண்டு பேரு சண்டை போட்டாங்களாம். ஞானக் கண்ணுல பாத்தாரு."

அந்தச் சண்டை என் தெருமுனைப் பள்ளிக்கூடத்தில் நடந்தது. எந்தச் செய்தியிலும் வரவில்லை. நான் ஒரே ஒருவருக்குத்தான் அதைச் சொன்னேன். முருகவேல் அண்ணன்.

முருகவேல் அண்ணனை நான் பார்த்ததில்லை. நம்ம ஊர்க்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் அறிமுகம். கீழ்பென்னாத்தூரில் வேன் ஓட்டுவதாகச் சொன்னார். நான் இங்கே வந்த புதிதில் பேச ஆளில்லை. "தம்பி சாப்டியா? அங்க அரசியல் எப்படிப் போவுது?" என்று தினமும் கேட்ட ஒரே மனிதர் அவர்தான். நானும் வேலை முடிந்து நடந்து வரும்போதெல்லாம் போனிடம் பேசிப் பேசியே பக்கம் பக்கமாக எழுதி அனுப்பினேன்.

அக்கா எழிலரசியிடம் சொன்னேன். அவள் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறாள். அந்த எண்ணைக் கேட்டு வாங்கினாள். சாயங்காலம் கூப்பிட்டாள். சிரிப்பில் பேச்சே வரவில்லை.

"பேனருக்குக் கீழ முன்பதிவுக்குன்னு நம்பர் போட்டிருக்குதுடா. உன் முருகவேல் அண்ணன் நம்பர்தான். அண்ணனும் அவரேதான், சாமியும் அவரேதான். நீதான் அவருக்கு ஞானக் கண்ணு."

சம்பளமில்லாத ஞானக் கண். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பயத்தில் ஒரு குறுக்கு வழிதான் தோன்றியது.

"அக்கா, அன்னைக்கு என்ன ஆனாலும் எதிர்ல நிக்கற சிவப்புக் கட்சி ஜெயிச்சிடுச்சுன்னு அனுப்பிடறேன். அம்மா என்னை விட்டுடும்."

"அனுப்பு. அடுத்த தேர்தலுக்கும் அனுப்பு. நாளைக்கு உன் வேலை, கல்யாணம், புள்ளகுட்டி எல்லாத்துக்கும் அம்மா அவன்கிட்டதான் போயி நிக்கும். ஆயுசுக்கும் உக்காந்து அனுப்பிக்கினே இரு."

"அப்ப என்னதான் பண்றது?"

"நடக்கவே நடக்காத ஒண்ண அனுப்பு. சாமிக்கு நெசமாவே கண்ணு இருந்தா, பொய்யின்னு தெரியணும் இல்ல?"

சனிக்கிழமை வந்தது. மெல்போர்னில் மாலை ஆறு மணிக்கு வாக்குப்பதிவு முடிந்தால் திருவண்ணாமலையில் மதியம் ஒன்றரை மணி. நேரம் முன்பின்னாக இருப்பது இயற்கை. அதை முக்காலம் அறிதல் என்று விற்பது வியாபாரம்.

கொட்டகை வாசலில் பெரிய அண்டா. எல்லோரும் செல்போனை அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். போன் அலை மலையின் அதிர்வைக் கெடுக்குமாம். சுவாமிகளின் போன் மட்டும் கெடுக்காது போலும். அது அவருடனே திரைக்குள் போனது. டோக்கனில் யார் பெயரும் கிடையாது. பிள்ளை இருக்கும் ஊரும் எண்ணும்தான். என் அம்மா 'மெல்போர்ன் முப்பத்தெட்டு'. அம்மாவோடு போயிருந்த அக்கா பழைய போனை அண்டாவில் போட்டாள். நல்ல போனைச் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டாள். அதன் வழியாக நான் மெல்போர்னில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஊரில் மணி நாலு ஆனபோது முருகவேல் அண்ணனிடமிருந்து செய்தி: "தம்பி நிலவரம்?"

எண்ணிக்கையில் நீலம் முந்திக்கொண்டிருந்தது. அம்மாவின் பிடிவாதத்தில் போட்ட மறுநாள் விமான டிக்கெட் என் மேஜையில் இருந்தது. சிவப்பு என்று ஒரு வார்த்தை அனுப்பினால் தப்பித்துவிடலாம். இருந்தும் உண்மையையே அனுப்பினேன். அதன் வாலில் ஒரு பொய்யைக் கட்டினேன்.

மணி அடித்தது. சுவாமிகள் திரைக்கு வெளியே வந்து நின்றார்; பின்னால் திரை மூடிக்கொண்டது.

"நீலம்!" என்றார். "நீலம் வருது! புள்ளைங்கள உடனே கூப்டுக்குங்க. முடியாதவங்க நீலத் தகடு வாங்கி வாசல்ல கட்டுங்க."

நீலத் தகடுகள் கட்டுக்கட்டாகத் தயாராக இருந்தன. அவற்றுக்கு அடியில் சிவப்புத் தகடுகளும் இருந்ததை அக்கா பார்த்தாள். அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். ஒரு பெர்த் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். கூட்டம் அழுதால் சுவாமிகளுக்கு உற்சாகம் வந்துவிடும்.

"இன்னொண்ணு தெரியுது! மெல்போர்ன்ல ஒரு தொகுதி. நம்ம தமிழ்ப் பொம்பள ஒருத்தி சுயேச்சையா நின்னு ஜெயிக்கிறா! பேரு… சந்திரம்மாள் வேடியப்பன்! சின்னம்… மல்லாட்டை!"

வேர்க்கடலைச் சின்னத்துக்குக் கூட்டம் கைதட்டியது. அம்மாவின் அழுகை சட்டென்று நின்றது. எழுந்தாள்.

"சாமி, இன்னா பேரு சொன்னீங்க?"

"சந்திரம்மாள் வேடியப்பன்."

"வேடியப்பன் எங்க ஊட்டுக்காரரு. சந்திரம்மாள் நானு. ரேஷன் கார்டுல பேரு திருத்தவே மூணு தபா தாலுகா ஆபீசுக்கு நடந்தேன். ஆஸ்திரேலியாவுல எப்ப சாமி நின்னேன்?"

"அது… அங்க வேற ஒரு சந்திரம்மாள்…"

"அவ ஊட்டுக்காரரும் வேடியப்பனா? அவளும் கொல்லையில மல்லாட்டதான் போட்டிருக்காளா?"

யாரோ சிரித்தார்கள். பிறகு கொட்டகையே சிரித்தது. அக்கா பையிலிருந்து போனை எடுத்து உயரப் பிடித்தாள்.

"அம்மா, அந்த நாட்டுல ஓட்டுக்கு மல்லாட்டையும் கெடையாது, பூசணிக்காயும் கெடையாது. பேருக்கு எதிர்ல பென்சில்ல ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு போடறதுதான். டேய் ஆதவா, உன் அண்ணனுக்கு இன்னொரு மெசேஜ் அனுப்பு."

அனுப்பினேன். திரைக்குள் 'டிங்' என்றது.

இன்னொன்று அனுப்பினேன். மறுபடி 'டிங்'.

அக்கா திரையைப் பிடித்து இழுத்தாள். உள்ளே தெய்வம் இல்லை. சார்ஜரில் ஒரு போன். பெர்த் அப்பா பாய்ந்து எடுத்துச் சத்தமாகப் படித்தார்: "'சந்திரம்மாள் வேடியப்பன், மல்லாட்டை சின்னம், அமோக வெற்றி.' அடுத்தது… 'அண்ணா, சாப்டீங்களா?'"

சுவாமிகள் பின்பக்கமாகப் போனார். ஸ்கூட்டி கிளம்பும் சத்தம் எனக்கு மெல்போர்ன் வரை கேட்டது.

அந்த நாட்டில் நீலமும் நிலைக்கவில்லை. கடைசியில் வந்தவரின் ஓட்டெல்லாம், அந்த ஓட்டுச் சீட்டுகளில் இரண்டு என்று எண் போடப்பட்டவருக்குப் போகும். எண்ண எண்ண முந்தியவர் பிந்தினார். பத்து நாள் வரை யார் ஆட்சி என்று ஓட்டுப் போட்டவனுக்கே தெரியவில்லை. யார் வந்தாலும், ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னைத் துரத்த ஒருவரும் வரவில்லை.

அம்மா அன்றே கூப்பிட்டாள். "டிக்கெட்ட கேன்சல் பண்ணிட்டு ஒழுங்கா படி." பிறகு கொஞ்சம் தயங்கினாள். "ஏண்டா, ஜெயிச்சதுக்கு எனக்கு சம்பளம் எதுனா வருமா?" சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

பெர்த் அப்பா மட்டும் அக்காவிடம் வந்து மெதுவாகக் கேட்டாராம்: "கனடாவுக்கு யாரு நல்லா பாக்கறாங்கம்மா? எம் பெரியவன் அங்க இருக்கான்."

கூட்டம் கலைந்தபோது எல்லோரும் அண்டாவில் கைவிட்டு அவரவர் போனைத் தேடி எடுத்துக்கொண்டார்களாம். நல்லது. போனோடு சேர்த்து அதில் போட்டுவிட்டுப் போன மூளையையும் எடுத்துக்கொண்டால், கனடாவுக்கு இன்னொரு கொட்டகை தேவைப்படாது.