கறிவேப்பிலை குடித்த மூன்று லிட்டர்

தலையில் எவ்வளவு தண்ணீர் விழுந்தாலும் ஞானதுரைக்குச் சம்மதம். தொண்டையில் ஒரு மடக்கு இறங்கினால்தான் முகம் கோணும். சாரல் தொடங்கிவிட்டால் குற்றாலத்து ஐந்தருவியில் முதல் ஆளாய்த் தலையைக் கொடுப்பவர், தாகத்துக்கு மட்டும் டீ குடிப்பார். பலன், சிறுநீரகத்தில் ஒரு கல். "தினமும் மூணு லிட்டர் தண்ணி குடிங்க" என்றார் தென்காசி டாக்டர். ஞானதுரை கல்லுக்குப் பயப்படவில்லை. லிட்டருக்குத்தான் பயந்தார்.

மனைவி பெர்சிஸ் மறுநாளே மூன்று லிட்டர் பாட்டிலை நிறைத்து முன்னால் வைத்தாள்.

"ஏட்டி, இது மனுசன் குடிக்கதா, மாடு குடிக்கதா?"

"குடிக்காட்டா சீசனுக்குக் குத்தாலம் கிடையாது. ஒரு நாள் பாட்டில் மிஞ்சினாலும் வேன்ல ஏற மாட்டிய."

பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட் கூட்டாளிகள் குடும்பத்தோடு குற்றாலம் போக அடுத்த மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமைக்கு வேன் பேசியிருந்தார்கள். ஞானதுரை இல்லாத குற்றாலமா?

ஆனால் அவர் என்ன லேசுப்பட்ட ஆளா? சொத்தைக் கத்தரிக்காயையே சிரித்துப் பேசி விற்றவர். பாட்டிலை வேட்டிக்குள் செருகிக்கொண்டு, நிறைமாசக்காரி நடையில் பின்வாசலுக்கு நழுவினார். அங்கே வாடி நின்ற கறிவேப்பிலைக்கு மொத்தத்தையும் ஊற்றினார். செடி குடித்தது. ஞானதுரை உள்ளே வந்து ஏப்பம் விட்டார்.

"குடிச்சிட்டியளா?"

"சொட்டு மிச்சமில்ல!"

தினமும் இதே கூத்து. கூடவே சாப்பாட்டில் ஒரு கொடுமை சேர்ந்துகொண்டது. கடையிலிருந்து சுரைக்காய் கொண்டாங்க, வெள்ளரிக்காய் கொண்டாங்க, பூசணி கொண்டாங்க என்று பெர்சிஸ் கேட்டபடி இருந்தாள். அவரும் பைபையாகச் சுமந்து வந்தார். இட்லி போய்க் கஞ்சி வந்தது. மோர் செம்பில் வந்தது. ரசம் தட்டைத் தாண்டி ஓடியது.

"என்னட்டி, குழம்பு வாய்க்கா மாதிரி ஓடுது?"

"மழைக்காலம்லா. எல்லாம் ஓடத்தான் செய்யும்."

பாட்டில் ரகசியத்தை மடியில் வைத்துக்கொண்டு சண்டை போட முடியுமா? செம்போடு தூக்கிக் குடித்தார்.

கறிவேப்பிலைதான் அடங்கவில்லை. சன்னலை மறைத்தது, மதிலைத் தாண்டியது, பக்கத்து வீட்டு ஜாய் கொடியில் போட்ட சேலையைப் பிடித்து இழுத்தது. ஜாய் எட்டிப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, என்ன உரம் போடுதிய?"

"ஜெபம்தான்மா!"

வேன் வரும் ஞாயிறு, சர்ச் முடிந்து வந்ததும் ஞானதுரை தலை நிறைய எண்ணெய் வைத்து, தோளில் துண்டு போட்டு, காலி பாட்டிலை உயரத் தூக்கிக் காட்டினார்.

"பாத்தியா?"

"தினமும்தான் பாக்கேன், அடுப்படி சன்னல் வழியா."

துண்டு நழுவிக் கீழே விழுந்தது.

"பொறவு ஏன் ஒண்ணும் சொல்லல?"

"வாளி தூக்கித் தூக்கி எனக்கு இடுப்பு போச்சு. செடிக்குத் தண்ணி ஊத்த ஓர் ஆள் வேண்டாமா? உங்களுக்குள்ள தண்ணி ரசத்துலயும் மோர்லயும் சொரக்காயிலயும் போயிட்டு. நீங்களேதான சொமந்துட்டு வந்திய!"

"அப்போ நான் குடிச்சாச்சு! வேன்ல ஏறலாம்லா?"

"நம்ம பேச்சு பாட்டிலுக்குத்தான். அதைச் செடில்லா குடிச்சுது." வாசலில் ஹாரன் அடித்தது. ஜாய் ஏற்கெனவே வேனில் உட்கார்ந்திருந்தாள். பெர்சிஸ் கீழே கிடந்த துண்டை எடுத்துத் தன் பையில் வைத்தாள். "இடுப்புக்கு அருவித் தண்ணி நல்லதாம். மேசையில ரெண்டு பாட்டில் நிறைச்சு வச்சிருக்கேன். ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு முருங்கைக்கு. மாத்திராதிய!"