இருநூற்று மூன்றாம் பக்கத்து இருமல்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இந்த வரியை எழுதும் நிமிடம்வரை இங்கு எல்லோரும் நலம். அடுத்த வரிக்கு என்னால் உத்தரவாதம் தர முடியாது. அத்தானுக்கு முழங்கால் வலி தேவலையா? போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் கேட்டால் நீ மூச்சை இழுக்கும் விதத்திலேயே பதில் தெரிந்துவிடும், எனக்குத் தாங்காது. கடிதமென்றால் உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுப் பிரிக்கலாம்.

விஷயம் இதுதான். வருகிற வியாழக்கிழமை என் மனைவிக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன். 'சின்ன விஷயம்' என்கிறார் டாக்டர். இருபத்தாறு வருடம் லிஃப்ட் பரிசோதகராக இருந்து, எல்லா லிஃப்டும் பத்திரம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு மாடிப்படியில் இறங்கி வந்தவன் நான். சின்ன விஷயம் என்று யார் சொன்னாலும் எனக்கு நம்பிக்கை வராது. அப்போதெல்லாம், நீ கல்யாணமாகிப் போகும்போது அலமாரியில் விட்டுப்போன அந்த நாவலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். அதில் வரும் கிழ வைத்தியர், யார் தலைபோகிற அவசரத்தில் கூப்பிட்டாலும் 'சாவகாசமாக'க் கை கழுவிக்கொண்டுதான் வருவார். அந்தச் சொல் பதினோரு இடத்தில் வருகிறது, பென்சிலால் வட்டமிட்டிருக்கிறேன். வாய்க்குள் சொல்லிக்கொண்டால் போதும், நெஞ்சுப் படபடப்பு ஒரு படி இறங்கும். 'ஒத்தாசை', 'கதகதப்பு', 'அப்பாடா' எல்லாமே எனக்குக் கைகண்ட மருந்துதான், ஆனால் இதற்கு ஈடில்லை.

இருநூற்று மூன்றாம் பக்கத்தில் அந்த வைத்தியர் இருமுகிறார். கதையில் ஒருவர் காரணமில்லாமல் இருமுவாரா, நீயே சொல். அன்றைக்கே கோணி ஊசியால் கறுப்பு நூலில் மிச்சப் பக்கங்களைச் சேர்த்துத் தைத்துவிட்டேன். முப்பத்தைந்து வருடமாக அங்கே நிறுத்திவிட்டு மறுபடி முதல் பக்கத்துக்குப் போகிறேன். என்னைப் பொறுத்தவரை அவர் உயிரோடுதான் இருக்கிறார்.

நேற்று இவள் பெட்டி அடுக்கிக்கொண்டே, "அந்தப் புத்தகத்தையும் எடுத்துக்கோங்க. என்னை உள்ளே கொண்டுபோற வரைக்கும் படிச்சுக் காட்டணும். இந்தத் தடவை கடைசிவரைக்கும்," என்றாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வைத்தியர் போய்விட்டார் என்று வாசித்துவிட்டு இவளை எப்படி உள்ளே அனுப்புவேன்? முடிவை முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாமென்று நூலகத்துக்குப் போனேன். அங்கிருந்த பிரதியில் கடைசி அத்தியாயத்தை மட்டும் யாரோ கிழித்திருந்தார்கள். என்னைப்போல் இன்னொருவன் இருக்கிறானே என்று சந்தோஷப்படுவதா, நடுங்குவதா என்று தெரியாமல் பழைய புத்தகக் கடைக்குப் போனேன். புத்தகத்தின் பெயரைக் கேட்டதுமே கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "அந்த முடிவு இருக்கே சார்..." என்று ஆரம்பித்தார். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஓடி வந்துவிட்டேன். குடை அங்கேயே இருக்கிறது. நனைந்து வீடு வந்து சேர்ந்தால் இருமல், அதுவும் எனக்கு. இவள் பார்த்த பார்வையில், நானே இருநூற்று மூன்றாம் பக்கத்துக்கு வந்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அக்கா, பயமாக இருக்கிறது. இவள் இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான். அந்த நாவலை முழுக்கப் படித்தவள் எனக்குத் தெரிந்து நீ ஒருத்திதான். வைத்தியர் பிழைக்கிறாரா இல்லையா என்று ஒரே வரியில் எழுது. பிழைக்கவில்லையென்றாலும் பிழைத்தார் என்றே எழுது.

அத்தானுக்கு வணக்கம். பேரப் பிள்ளைகளுக்கு ஆசிகள். அத்தானை மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கச் சொல்.

உன் அன்புத் தம்பி

பி.கு.: பதில் போட வேண்டாம். உறையை ஒட்டித் தரச் சொல்லி இவளிடமே கொடுத்துத் தொலைத்தேன், படித்துவிட்டாள். புத்தகத்தைக் கொண்டுவந்து தையலைக் காட்டினாள். நூல் நீலம். கல்யாணமான இரண்டாவது வருடமே பிரித்துப் படித்துவிட்டு, திரும்பத் தைத்து வைத்தாளாம். பயத்தில் அந்தப் பக்கமே நான் சரியாகப் பார்த்ததில்லை. வைத்தியர் என்ன ஆனார் என்று கேட்டேன். "அதைப் படிச்சிட்டுத்தான் இருபத்தெட்டு வருஷமா உங்களோட இருக்கேன். நீங்க எனக்குப் படிச்சுக் காட்ட வேண்டாம். நான் உள்ளே இருக்கும்போது வெளியே உக்காந்து சாவகாசமா படிங்க. வந்து கதை கேட்பேன்," என்றாள். பெட்டியில் மேலாகக் கத்தரிக்கோலை எடுத்து வைத்திருக்கிறேன். பக்கத்திலேயே ஊசியும் கறுப்பு நூல்கண்டும் இருக்கின்றன.